காட்டுக்குள் ஒரு கொலைகாரக் கோமாளி: ஒப்பனைக்காரர் பதில்கள்

போன இதழில் வெட்டுக்காய ஒப்பனை பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோமாளிப் பேய்ப் படங்களைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

கே: நாங்கள் ஐந்து நண்பர்கள். கையில் ஆறு லட்சம் ரூபாய் இருக்கிறது. மலைக்காட்டுக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகளை ஒரு கோமாளி ஒவ்வொருவராகக் கொல்கிறான் என்பது கதை. "இதே மாதிரி நூறு படம் வந்தாச்சு, விட்டுடு" என்கிறார்கள் சீனியர்கள். எடுக்கலாமா? (உதவி இயக்குநர், கோவை)

எடுங்கள் தம்பி. இந்த வகைப் படத்தை வளர்த்தவர்கள் எல்லாருமே உங்களைப் போல மடியில் கனமில்லாதவர்கள்தான்.

அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மி 'ஈவில் டெட்' என்ற பேய்ப்படத்தை எடுக்கப் போனபோது அவருக்கு வயது 20. அதற்கு முன்பே, 1978இல், சூப்பர் 8 கேமராவில் 1,600 டாலர் செலவில் அரைமணி நேரப் படம் ஒன்றைச் செய்து வைத்திருந்தார். அதைப் பல் டாக்டர், வக்கீல் என்று ஊரில் காசுள்ளவர்களுக்குப் போட்டுக் காட்டித்தான் முதலீடு திரட்டினார். பிறகு டென்னசி மாநிலத்தில் மோரிஸ்டவுன் என்ற ஊர்ப் பக்கம், காட்டுக்குள் பாழடைந்து கிடந்த ஒரு மர வீட்டில், குளிர்காலத்தில் படப்பிடிப்பு. ஓடும்போதும் கேமரா குலுங்காமல் பிடிக்கும் ஸ்டெடிகேம் கருவி வாங்க வழியில்லை. ஒரு நீளப் பலகையின் நடுவில் கேமராவை முடுக்கி, இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே ஓடினார்கள். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தரையை உரசிக்கொண்டு துரத்தி வருகிறது என்று இன்றைக்கும் நெஞ்சு படபடக்கப் பார்க்கிறோமே, அந்த ஷாட் ஒரு பலகையில் பிறந்தது.

நீங்கள் கோமாளியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு ஒப்பனைக்காரனாக நான் மகிழ்கிறேன். இரவுக் காட்டில் உங்கள் முதல் எதிரி இருட்டு. மரமும் புதரும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். எத்தனை விளக்கு வைத்தாலும் மாநிற முகம் பின்னணியோடு கரைந்துபோகும். வெள்ளை பூசிய முகம் அப்படியில்லை. தூரத்தில் ஒரே ஒரு சின்ன விளக்கு இருந்தாலும் உடம்பு தெரியாமல் முகம் மட்டும் மிதக்கும். காசே செலவில்லாமல் கிடைக்கும் பயம் அது.

1978இல் வந்த 'ஹாலோவீன்' படத்தைப் பாருங்கள். மூன்று லட்சம் டாலர் சொச்சத்தில் எடுத்தது. அதன் தொடக்கக் காட்சியில் அக்காளைக் குத்திக் கொல்லும் ஆறு வயதுப் பையன் போட்டிருப்பது கோமாளி உடை. அவன் முகமூடியின் இரண்டு ஓட்டை வழியாகவே நாமும் அந்தக் கொலையைப் பார்க்கிறோம். வளர்ந்த கொலைகாரனுக்கு முகமூடி தேடியபோதும் கலை இயக்குநர் டாமி லீ வாலஸ் முதலில் சோதித்தவற்றில் ஒன்று சிவப்பு முடி வைத்த கோமாளி முகமூடி. பார்த்தவர்களுக்கு அதுவே திகிலாகத்தான் இருந்தது. அடுத்ததாக, 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் கேப்டன் கர்க் முகமூடி. இரண்டு டாலருக்குக் கிடைத்ததன் கிருதாவை எடுத்து, கண் ஓட்டையைப் பெரிதாக்கி, வெள்ளை அடித்தார். ஒன்றுமே எழுதாத அந்த முகம் கோமாளியை ஜெயித்துவிட்டது. கதாநாயகி கதவோரம் சாய்ந்து அழும்போது அவள் முதுகுக்குப் பின்னால் இருட்டிலிருந்து அந்த வெள்ளை மெல்ல மெல்ல எழும். ஒளிப்பதிவாளர் டீன் கண்டி ஒரு சின்ன விளக்கை, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரில் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்றிச் செய்த வேலை. அந்த ஒரு ஷாட்டைப் பத்து முறை பார்த்துவிட்டுப் பிறகு திரைக்கதையை எழுத உட்காருங்கள்.

இனி காடு. அசல் வனத்துக்குப் போகாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் கால் வைக்கக்கூடாது, இரவில் யானை நடமாட்டம் உள்ள இடத்தில் எந்தப் படத்துக்காகவும் யாரும் நிற்கவும் கூடாது. தனியார் சவுக்குத் தோப்பு ஒன்றைப் பேசிப் பிடியுங்கள். வரிசையாக நட்ட மரம் என்பது தெரியாமல் இருக்க மூலைவாட்டில் கேமரா வையுங்கள். கொஞ்சம் புகை போட்டு, பின்பக்கம் உயரத்திலிருந்து ஒரே ஒரு விளக்கு வைத்தால், எங்கோ எல்லையில்லாத காட்டில் நிற்பது போல இருக்கும். ஜெனரேட்டரை முடிந்தவரை தள்ளி நிறுத்துங்கள். அந்த உறுமல் வசனத்தில் ஏறினால் டப்பிங்கிலும் உயிர் வராது.

கடைசியாக ஒன்று, இதை மன்றாடியே கேட்கிறேன். அசல் கத்தி வேண்டாம். பல வருடத்துக்கு முன் நான் வேலை செய்த ஒரு படத்தில், குளோசப்பில் பளபளப்பு வேண்டும் என்று தீட்டிய அரிவாளையே கொடுத்தார்கள். எதிரில் நின்ற துணை நடிகர் கையால் தடுத்தார். உள்ளங்கையில் ஏழு தையல். நான் பூசிவைத்திருந்த பொய் ரத்தத்துக்கு நடுவே அசல் ரத்தம் எது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் அலறியதை நடிப்பு என்று நினைத்துக் கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அலுமினியத் தகடும் ரப்பரும் போதும். கோமாளிக்குப் பெரிய பூட்ஸ் போடுவதாக இருந்தால், ஓடும் ஷாட்டுக்கு மட்டும் சாதாரணக் காலணி கொடுங்கள். சவுக்கு வேர் தடுக்கி விழுந்தால் பல் போகும்.

கே: 'டெரிஃபையர்' கோமாளிப் படத்தின் மூன்று பாகங்களையும் பார்த்தேன். இவ்வளவு குறைந்த செலவில் இதெல்லாம் எப்படி? (வங்கி ஊழியர், திருச்சி)

டேமியன் லியோன் என்ற ஒருவரின் இரண்டு கைகள்தான் காரணம். எழுதுவது, இயக்குவது, படத்தொகுப்பு எல்லாம் அவரே, முதல் இரண்டு பாகங்களில் காய ஒப்பனையும் பெரும்பாலும் அவர்தான். ஆர்ட் என்ற அந்தக் கோமாளியை 2008இல் ஒரு குறும்படத்தில் சின்னப் பாத்திரமாகக் கொண்டுவந்தார். பிறகு 2011இல் இன்னொரு குறும்படம், 2013இல் ஒரு தொகுப்புப் படம். முழுப்படம் 2016இல்தான். எட்டு வருடம் ஒரே முகத்தைச் செதுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

இரண்டாம் பாகத்துக்கு ரசிகர்களிடமே இணையம் வழியாகப் பணம் திரட்டினார்கள். மொத்தச் செலவு சுமார் 2,50,000 டாலர், அன்றைய கணக்கில் ஏறக்குறைய இரண்டு கோடி ரூபாய். 2022இல் வந்து ஒன்றரைக் கோடி டாலர் அளவுக்கு வசூலித்தது. மூன்றாம் பாகம் 20 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு 2024 அக்டோபரில் வந்தது. அதற்கு முந்தின வாரம்தான் பல மடங்கு செலவில் எடுத்த 'ஜோக்கர்' இரண்டாம் பாகம் திரைக்கு வந்திருந்தது. அமெரிக்க வசூலில் அதைப் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பிடித்தது ஆர்ட் கோமாளிதான்.

ஆர்ட்டின் வழக்கமான உடையில் நிறமே இல்லை, கவனித்தீர்களா? வெள்ளை முகம், கறுப்பு உதடு, பாதி கறுப்பு பாதி வெள்ளைச் சட்டை, ஒரு பக்கம் சாய்ந்த குட்டித் தொப்பி, தோளில் கறுப்புக் குப்பைப் பை. ரத்தம் தெறிக்கும்போதுதான் அவன் மேல் முதல் நிறம் ஏறுகிறது. மலிவான துணியில் இப்படி ஒரு யோசனை செய்தவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவன் வாயையும் திறப்பதில்லை. நடித்தவர் டேவிட் ஹோவர்ட் தார்ன்டன், மௌன நாடகம் பழகியவர். வலித்தாலும் சத்தம் வராது. சிரித்தாலும் வாய்தான் விரியும், குரல் வராது.

கே: கிராபிக்ஸ் ரத்தம் மேலா, அசல் ஒப்பனை ரத்தம் மேலா? (மாணவர், சேலம்)

ஒப்பனை ரத்தம். நடிகையின் சட்டையில் ஈரம் ஒட்டினால் அவர் உடம்பு தானாகச் சுருங்கும். கணினி அதை அவருக்குக் கொடுக்காது.

கே: ரத்தம் தயாரிக்கும் முறையைச் சொல்லுங்கள். நாங்கள் வாங்கியது கேமராவில் ரோஸ் மில்க் போலத் தெரிகிறது. (குறும்படக் குழு, மதுரை)

வெறும் சிவப்புச் சாயம் போட்டால் அப்படித்தான் ஆகும். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் லிக்விட் குளுக்கோஸ் என்று டப்பாவில் கிடைக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கரையுங்கள். உணவில் சேர்க்கும் சிவப்பு நிறம், கொஞ்சமாக மஞ்சள் நிறம், கூடவே அரை ஸ்பூன் கோகோ பவுடரை வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள். கோகோ சேரச் சேர ரோஸ் மறையும். காய்ந்த ரத்தம் வேண்டுமானால் கெட்டியான காபி டிகாக்ஷன். நிலா வெளிச்சம் என்று நீலமாக ஒளி வைத்தீர்களானால் சிவப்பு, கறுப்பாகத்தான் விழும். அந்தக் காட்சிக்கு மட்டும் ரத்தத்தை ஒரு படி பளிச்சென்று கலக்கி, பக்கத்தில் ஒரு டார்ச்சோ நெருப்போ கதையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இதற்கு இலக்கணம் வகுத்தவர் டிக் ஸ்மித். சோளப்பாகில் நிறங்களோடு கொஞ்சம் ஜிங்க் ஆக்ஸைடும் சேர்ப்பார். ரத்தம் கண்ணாடி போல ஊடுருவித் தெரியாமல் உடம்பு ரத்தத்தின் அடர்த்தி வரும். நம் கூத்து மேடையிலும் நாடக மேடையிலும் முகத்துக்குப் பூசும் முத்துவெள்ளையும் ஜிங்க் ஆக்ஸைடுதான். என் அப்பா முகத்தில் பூசியது அங்கே ரத்தத்தில் கரைந்திருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஆனால் டிக் ஸ்மித்தின் கலவையில் போட்டோ கழுவும் ரசாயனமும் உண்டு, அது விஷம். உங்கள் நடிகர் வாயில் போகும் ரத்தத்தில் சாப்பிடக் கூடியதைத் தவிர எதுவும் இருக்கக்கூடாது.

பாகு காய்ந்தால் துணி பலகை போல் ஆகிவிடும். 'ஈவில் டெட்' நாயகன் புரூஸ் கேம்பல் நெருப்பருகே காயவைத்த சட்டை அப்படியே விறைத்து உடைந்தே போனது. ஒரே மாதிரிச் சட்டை நாலு வாங்கி வையுங்கள். தோப்பில் எறும்பு வரும். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் வெந்நீர்த் துணியால் துடையுங்கள். தண்ணீர் விட்ட பாகு இரண்டு நாளில் புளித்துவிடும், அன்றன்றைக்குக் கலக்குங்கள்.

கே: அமெரிக்காவில் நிஜமாகவே காட்டிலிருந்து கோமாளிகள் வந்து பிள்ளைகளைக் கூப்பிட்டார்களாமே? (வாசகி, நாகர்கோவில்)

2016 ஆகஸ்டில் தென் கரோலினா மாநிலம் கிரீன்வில் நகரில் ஒரு குடியிருப்புப் பிள்ளைகள் அப்படிச் சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மரக்கூட்டத்தில் கோமாளி வேடத்தில் ஆட்கள் நின்று, பணம் காட்டித் தங்களை உள்ளே கூப்பிட்டதாக. போலீஸ் தேடியது, யாரும் சிக்கவில்லை. ஆனால் பேச்சு பரவியது. சில வாரங்களில் பல மாநிலங்களிலும், பிறகு பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா வரையும் கோமாளியைப் பார்த்தோம் என்ற புகார்கள். விளையாட்டாக வேடம் போட்டுத் தெருவில் நின்று கைதானவர்களும் உண்டு. மெக்டொனால்ட்ஸ் தன் கோமாளி ரொனால்டைக் கூட்டங்களுக்கு அனுப்புவதை அந்த அக்டோபரில் குறைத்துக்கொண்டது.

கோமாளி வேடம் போட்ட கொலைகாரன் ஒருவன் நிஜமாகவே இருந்தானா என்றும் இதோடு கேட்டிருந்தீர்கள். சிகாகோ பக்கம் பிறந்தநாள் விழாக்களில் கோமாளி வேடம் போட்ட ஒருவன், 33 இளைஞர்களையும் சிறுவர்களையும் கொன்றவன், 1994இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டுச் செத்தான். அது உண்மை. அவன் பெயரை எழுத எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ படங்களுக்கு அவன் கதை தீனியாகிவிட்டது. அந்த 33 வீடுகளை நினைத்துக்கொள்கிறேன்.

கே: சிரிக்க வைக்க வந்த முகம் எப்படிப் பயமுறுத்தும் முகமானது? (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, என் அப்பா நாடகத்தில் பபூன். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' நடக்கும்போது ராத்திரி பத்து மணிக்கு மேல் முதலில் மேடை ஏறுவது அவர்தான். எனக்கு ஆறு வயதிருக்கும். மேடைக்குப் பின்னால் ஓலைத் தட்டி மறைவில் தூங்கிக்கொண்டிருந்தவன் நடுராத்திரியில் விழித்தேன். பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். வேஷம் பாதி கலைந்திருந்தது. அன்றைக்கு ஊரிலிருந்து பாட்டி இறந்த சேதி வந்திருந்தது என்பது எனக்குத் தெரியாது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, வரைந்த வாய் மட்டும் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தது. நான் வீறிட்டு அலறி ஓடினேன். பெற்ற தகப்பனைப் பார்த்து.

உங்கள் கேள்விக்கு நான் அறிந்த பதில் அந்த ராத்திரிதான். எதிரே இருப்பவர் முகத்தைப் படித்துத்தான் நாம் நிம்மதியாக இருக்கிறோம். வரைந்த சிரிப்பு மாறாது. உள்ளே இருப்பவர் அழுகிறாரா, ஆத்திரத்தில் இருக்கிறாரா, கத்தியை எடுக்கப் போகிறாரா என்று தெரிய வழியில்லை.

மேற்கே கோமாளியின் வெள்ளை முகத்துக்கு வடிவம் கொடுத்தவர் ஜோசப் கிரிமால்டி, லண்டன் மேடைக்காரர். ஊரையே சிரிக்க வைத்தவர், விழுந்து புரண்டு நடித்து மூட்டெல்லாம் தேய்ந்து, மகனையும் பறிகொடுத்து 1837இல் இறந்தார். அவர் நினைவுக் குறிப்புகளைச் செப்பனிட்டு வெளியிட்டவர் இளம் வயதுச் சார்லஸ் டிக்கன்ஸ். சிரிக்கும் முகத்துக்குப் பின்னால் வேறொருவர் இருக்கிறார் என்பது ஊருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. 2008இல் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் ஆஸ்பத்திரிச் சுவர்களில் என்ன படம் வரையலாம் என்று 4 முதல் 16 வயதுவரை 250க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டார்கள். கோமாளிப் படம் வேண்டாம் என்றார்கள் பிள்ளைகள், பெரிய பிள்ளைகள் உட்பட.

கே: தமிழில் கொலைகாரக் கோமாளி உண்டா? (வாசகர், விழுப்புரம்)

1989இல் வந்த 'அபூர்வ சகோதரர்கள்'. சர்க்கஸ் கோமாளி அப்பு, அப்பாவைக் கொன்றவர்களைத் தேடித் தேடிப் பழிவாங்குகிறான். ஆனால் அவன் மேல் நமக்கு ஒரு கணமும் பயம் வரவில்லை. அவன் அழுததை முதலில் பார்த்துவிட்டோம்.

கே: இந்தப் படங்களில் ஏன் எப்போதும் பெண்களையே இவ்வளவு கொடூரமாகக் கொல்கிறார்கள்? நீங்கள் தொழில் என்று பாராட்டுகிறீர்களே, உறுத்தவில்லையா? (கல்லூரி விரிவுரையாளர், வேலூர்)

உறுத்துகிறது. 'டெரிஃபையர்' முதல் பாகத்தில் ஒரு பெண்ணைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு ரம்பத்தால் அறுக்கும் காட்சி இருக்கிறது. சிலிகானும் குழாயும் வைத்து அதை எப்படிக் கட்டியிருப்பார்கள் என்று என் கண் கணக்குப் போடுகிறது, வேலை அபாரம். அந்தக் காட்சியை நான் ஒருமுறைதான் பார்த்தேன், இனி பார்க்க மாட்டேன். அந்தப் பெண் யார், எதற்குச் சிரிப்பாள், வீட்டில் யார் காத்திருப்பார்கள் என்று படம் நமக்குச் சொல்லவே இல்லை. வெட்டுவதற்கென்றே கொண்டுவந்து கட்டிய கிடா மாதிரி அவளை நடத்திவிட்டது.

கதை இல்லை, பாத்திரம் இல்லை என்று அப்போது பலர் குறை சொன்னார்கள். லியோன் அதைக் காதில் வாங்கினார் என்பதற்கு இரண்டாம் பாகமே சாட்சி. சியன்னா என்று ஒரு பெண். அப்பாவை இழந்தவள். தம்பியோடு சண்டை, அம்மாவோடு சண்டை. ஹாலோவீன் பண்டிகைக்குத் தானே உட்கார்ந்து சிறகு வைத்த உடை தைக்கிறாள். லாரன் லவேரா நடித்திருக்கிறார். இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், அவளுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். கோமாளி அவள் வீட்டுப் பக்கம் வரும்போது என் உள்ளங்கை வேர்த்தது.

கோவைத் தம்பியும் இதைப் படிக்கட்டும். உங்கள் கதையில் வரும் கல்லூரிப் பிள்ளைகளில் நாலு பேரை உப்புக்குச் சப்பாணியாக வைத்திருந்தீர்களானால் என் ரத்தம் எதுவும் உங்களைக் காப்பாற்றாது. ஒவ்வொருவருக்கும் சாவதற்கு முன் ஒரு காட்சி கொடுங்கள். செருப்பு அறுந்து ஊக்குப் போடுவது, ஹாஸ்டல் வார்டனுக்குப் பொய் சொல்லிவிட்டு வந்தது, யாருக்கும் தெரியாமல் அம்மாவுக்குப் போன் போட்டது. இதற்கு லட்சம் வேண்டாம், ஒரு பேனா போதும். பெண்ணைக் கொல்லும் காட்சியில் கேமரா எங்கே நிற்கிறது என்று ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். அவள் முகத்தோடு நிற்கிறதா, கொலைகாரன் கையோடு நிற்கிறதா?

கே: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் நண்பனின் போனில் கோமாளிப் படம் பார்த்துவிட்டு மூன்று வாரமாக விளக்கை அணைக்க விடமாட்டேன் என்கிறான். அடிக்கவும் மனமில்லை. என்ன செய்ய? (ஒரு தாய், கரூர்)

அடிக்காதீர்கள் அம்மா. திட்டவும் வேண்டாம். "இதுக்கெல்லாம் பயப்படுவியா" என்று கேட்காதீர்கள். விளக்கு எரியட்டும்.

அமெரிக்காவில் 'டெரிஃபையர்' படங்கள் தணிக்கைத் தரச்சான்று வாங்காமலேயே வந்தவை. பெரியவர்களுக்கே கனத்த படம். நம் ஊர் ஓடிடி தளங்களில் 2021 விதிகளின்படி பெற்றோர் பூட்டு இருக்கிறது, போட்டு வையுங்கள். ஆனால் நண்பனின் போனுக்கு நீங்கள் பூட்டுப் போட முடியாது. பயத்தைக் கலைப்பதுதான் வழி.

நான் அலறி ஓடிய மறுநாள் காலை அப்பா என்னை மடியில் உட்கார வைத்து, கண்ணாடியை என் கையில் கொடுத்தார். தேங்காய் எண்ணெயை முகத்தில் தடவினார். முத்துவெள்ளையைக் குழைத்து என் விரலைப் பிடித்துத் தன் கன்னத்தில் ஒரு கோடு போட வைத்தார். மூக்கு, புருவம், வாய், எல்லாம் நான் வரைந்ததுதான். கோணல் மாணலாக இருந்தது. அந்த முகத்தோடேயே எனக்கு இட்லி ஊட்டினார். அதற்குப் பிறகு நான் பயப்படவில்லை. இந்தத் தொழிலுக்கு வந்ததும் அந்தக் காலையால்தான்.

பகல் வெளிச்சத்தில் மகனோடு உட்காருங்கள். இந்தப் படங்களின் படப்பிடிப்புக் காட்சிகள் நிறையக் கிடைக்கின்றன. கொடூரமான பகுதி வராதவற்றை நீங்கள் முதலில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மூக்கு ஒட்டுவது, வெள்ளை பூசுவது, நடிகர் ஷாட்டுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்பது, இவற்றை அவன் பார்க்கட்டும். முடிந்தால் மேலே சொன்ன பாகை வீட்டில் கலக்கச் சொல்லுங்கள், கையில் பூசிப் பார்க்கட்டும். பள்ளிக்குப் போகமாட்டேன் என்றாலோ, சாப்பிடாமல் இருந்தாலோ, இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டாலோ குழந்தை மனநல மருத்துவரிடம் தயங்காமல் கூட்டிப்போங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

கே: எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில் கோமாளி வேடம் போட்ட பிள்ளைகளுக்கு முகமெல்லாம் தடித்துவிட்டது. எப்படிப் போடுவது, எப்படிக் கலைப்பது? (தொடக்கப்பள்ளி ஆசிரியை, ராமநாதபுரம்)

சுவருக்குப் பூசும் எதையும், போஸ்டர் கலரையும் முகத்தில் வைக்கவே கூடாது. முகத்துக்கென்று விற்கும் வெள்ளையை வாங்கி, முதல்நாளே பிள்ளையின் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். அரிக்கவில்லை என்றால் போடலாம். போடுமுன் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, போட்டபின் பவுடர் ஒற்றல். வேர்வையில் ஓடாது.

கலைக்கும்போது நேரே சோப்புப் போடாதீர்கள், வெள்ளை தோலில் திட்டாகப் படியும். தேங்காய் எண்ணெயைக் கையில் ஊற்றி முகம் முழுக்க மெல்லத் தேயுங்கள். ஒரு நிமிடம் விட்டுப் பழைய வேட்டித் துணியால் நெற்றியிலிருந்து கீழ்நோக்கி ஒற்றி எடுங்கள். கண்ணோரத்தைப் பஞ்சால், கடைசியில். பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் கடலைமாவு. வாயை மட்டும் முதலிலேயே துடைத்துவிடுங்கள் டீச்சர். என் அப்பா அந்த ராத்திரிக்குப் பிறகு எப்போதும் வாயைத்தான் முதலில் கலைப்பார்.